குளச்சல் போரில் எங்கள் பாட்டா: குமரி மாவட்டக் குடும்பக் கதைகளைச் சரிபார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

18ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மா ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் குமரி மாவட்ட வீடுகளை எல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், மனுஷனுக்கு ஆட்சி நடத்த நேரமே கிடைத்திருக்காது. அப்புறம் குளச்சல் போரில் வாள் பிடித்த மூதாதை, ராஜா கொடுத்த செப்புப் பட்டயம், சவேரியார் கையால் ஞானஸ்நானம் பெற்ற பாட்டன், வீட்டுப் பெண்ணை ராஜா கேட்டதால் இரவோடு இரவாக ஊரைக் காலி செய்த குடும்பம். பழைய வீடு என்றால் இவற்றில் ஒன்றாவது இருக்கும்.

இந்தக் கதைகளை அப்படியே நம்புகிறவர்கள் உண்டு, "எல்லாம் அளப்பு" என்று தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. இரண்டு பேருமே தேடிப் பார்ப்பதில்லை. தேடிப் பார்த்தால் முழுக் கதையும் உண்மை என்று வருவது அபூர்வம், முழுக்கப் பொய் என்று வருவதும் அபூர்வம். ஆள் இருந்திருப்பார், போர் வேறாக இருக்கும். நிலம் இருந்திருக்கும், ராஜா கொடுத்ததாக இருக்காது. அதனால் "கதை உண்மையா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "இதில் எந்த வரி நிற்கிறது?" என்று கேட்க வேண்டும். இன்னொன்று: இந்த மாவட்டத்தில் காகிதம் பெருமையின் பின்னால் போகவில்லை, நிலத்தின் பின்னால்தான் போயிருக்கிறது. போர்க்களத்தில் தேடுவதைவிட வயல் வரப்பில் தேடினால் ஆள் சீக்கிரம் அகப்படுவார்.

ஒரு மாதிரிக் கதையை வைத்துக்கொண்டு போகலாம். பல வீடுகளில் காதில் விழுந்தவற்றைச் சேர்த்து நானே கட்டியது இது. 1945இல் பிறந்த ஒரு ஆச்சி சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

"நமக்க அஞ்சு தலைமுறைக்கு முந்தின பாட்டா ஒருத்தர் குளச்சல் சண்டையிலே மகாராஜாவுக்காகச் சண்டை போட்டாரு. ராஜா சந்தோசப்பட்டு இரணியல் பக்கம் நூறு கோட்டை வெதப்பாடு வயலும் செப்புப் பட்டயமும் குடுத்தாரு. பட்டயம் தொண்ணூற்றொன்பது வெள்ளத்திலே போச்சு." (ஒரு கோட்டை விதைப்பாடு என்றால் ஒரு கோட்டை நெல் விதைக்கும் அளவு வயல்.)

1. சொன்னபடியே எழுதுங்கள்

முதல் வேலை கேட்பது. போனில் பதிவு செய்யலாம், ஆனால் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். கேட்டதை உங்கள் நடைக்கு மாற்றாமல் ஆச்சி பேசியபடியே எழுதிவையுங்கள். "வயலும்" என்று அவர் சொன்னதை நீங்கள் "சொத்துகளும்" என்று எழுதிவிட்டால், பின்னால் ஆவணத்தோடு ஒப்பிடும்போது தடம் மாறிப் போகும்.

பழைய விஷயத்தைத் தோண்டும் ஆளைப் பார்த்தால் உறவுக்காரர்களுக்கு முதலில் வரும் சந்தேகம் ஒன்றுதான்: "எதுக்கு மக்ளே இதெல்லாம் கேக்குதே? பாகம் கேட்டுக் கேசு போடப் போறியா?" இது வேடிக்கை இல்லை. இங்கே பாதிக் குடும்பங்களில் யாராவது ஒருவர் சொத்து வழக்கில் நின்றவராக இருப்பார். அதனால் முதல் நாளே பிரமாணப் பெட்டியை, அதாவது நிலப் பத்திரங்கள் இருக்கும் பெட்டியை, திறக்கச் சொல்லாதீர்கள். பழைய போட்டோவில் தொடங்குங்கள். யார் இவர், இந்த வீடு எங்கே இருந்தது, இந்தத் தாலியின் அமைப்பு ஏன் வேறு மாதிரி இருக்கிறது என்று போனால் பேச்சு தானாக வரும்.

"எந்த வருஷம்?" என்று நேராகக் கேட்டால் சரியான பதில் வராது. ஊருக்கே ஓர்மையில் இருக்கும் நிகழ்ச்சியைப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். தொண்ணூற்றொன்பது வெள்ளத்துக்கு முன்னா பின்னா (1924), எல்லாரும் கோவிலுக்குள் போகலாம் என்று விளம்பரம் வந்த பிறகா (1936), அரிசி கிடைக்காமல் மரச்சீனி தின்ற சண்டைக் காலமா (இரண்டாம் உலகப் போர்), புதுக்கடையில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது அப்பாவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா (1954 ஆகஸ்ட் 11), ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது பாட்டா உயிரோடு இருந்தாரா (1956 நவம்பர் 1). இப்படிக் கேட்டால் இரண்டு மூன்று வருஷ இடைவெளிக்குள் வந்துவிடலாம்.

கட்டாயம் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: "இதை உங்களுக்கு யார் சொன்னது?" ஆச்சிக்கு அவருடைய பாட்டி சொன்னாரா, அந்தப் பாட்டி அந்த ஆளை நேரில் பார்த்தவரா, அல்லது ஒரு கல்யாண வீட்டில் யாரோ பேசியதைக் கேட்டதா? ஒரே ஆச்சியிடம் கேட்ட 6 பேர் ஒரே கதையைச் சொன்னால் அது 6 சாட்சி ஆகாது, ஒரு சாட்சிதான்.

நல்ல சாட்சி வேண்டுமானால் பிரிந்துபோன கிளையைத் தேடுங்கள். கொழும்புக்கோ தேயிலைத் தோட்டத்துக்கோ போய் அங்கேயே தங்கியவர்கள், பேச்சுவார்த்தை இல்லாத சித்தப்பா வீடு, வேறு மதத்துக்குப் போன பங்காளிகள். 70 வருஷமாக முகம் பார்க்காத இரண்டு வீட்டிலும் ஒரே கதை இருந்தால், கதை அந்தப் பிரிவைவிடப் பழையது. ஒரு வீட்டில் மட்டும் இருந்தால், பிரிந்த பிறகு சேர்ந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்த ஒரு சோதனைக்கு எந்த ஆவணக் காப்பகமும் ஈடாகாது என்பது என் எண்ணம்.

2. கதையைத் துண்டு போடுங்கள்

ஆச்சியின் கதையில் குறைந்தது 7 கூற்றுகள் இருக்கின்றன. அப்படி ஒரு ஆள் இருந்தார். அவர் ஐந்து தலைமுறைக்கு முந்தியவர். போரில் நின்றார். அந்தப் போர் குளச்சல் போர். குடும்பத்துக்கு இரணியல் பக்கம் வயல் இருந்தது. அதை ராஜா கொடுத்தார். செப்புப் பட்டயம் இருந்து வெள்ளத்தில் போனது. ஒரு நோட்டில் ஒவ்வொன்றையும் தனித்தனிப் பக்கத்தின் தலையில் எழுதுங்கள். இனி கிடைக்கும் ஒவ்வொரு துண்டுச் சீட்டும் இந்தப் பக்கங்களில் ஏதோ ஒன்றுக்குத்தான் போக வேண்டும். எந்தப் பக்கத்துக்கும் போகாதது சுவாரசியமாக இருக்கலாம், ஆனால் இந்தக் கதைக்கு ஆதாரம் இல்லை.

3. தலைமுறைக் கணக்கு

காசு செலவில்லாத சோதனை இது. ஒரு தலைமுறைக்கு 30 முதல் 35 வருஷம் வையுங்கள். ஆச்சி பிறந்தது 1945. ஐந்து தலைமுறை மேலே போனால், 30 வருஷக் கணக்கில் 1795, 35 வருஷக் கணக்கில் 1770. குளச்சல் போர் நடந்தது 1741 ஆகஸ்ட் 10. டச்சுக்காரர்களை மார்த்தாண்டவர்மாவின் படை தோற்கடித்து, அவர்களுடைய படைத்தலைவர் டிலனாயைச் சிறைப்பிடித்த போர். அதில் வாள் பிடிக்க வேண்டுமானால் ஆள் 1721 வாக்கிலாவது பிறந்திருக்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு தலைமுறையும் சராசரி 45 வருஷம் இழுக்க வேண்டும். நடக்காத காரியம்.

சரி, கதை பொய் என்று முடித்துவிடலாமா? அவசரம் வேண்டாம். 1770க்கும் 1795க்கும் நடுவில் பிறந்த ஒருவருக்கு எந்தப் போர் பொருந்தும் என்று பாருங்கள். 1809இல் திருவிதாங்கூர் திவான் வேலுத்தம்பி தளவாய் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிராகக் கிளம்பினார். பிப்ரவரியில் கம்பெனிப் படை ஆரல்வாய்மொழி அரணைப் பிடித்து உள்ளே நுழைந்தது. மார்ச்சில் மண்ணடியில் வேலுத்தம்பியின் கதை முடிந்தது. அவர் பிறந்த தலக்குளம் இரணியலுக்குப் பக்கத்தில்தான். தோற்ற கலகத்தில் நின்றவன் என்று அன்றைக்கு யாரும் வெளியே சொல்லிக்கொள்ள முடியாது. பேரன் பேத்திகள் காலத்தில் அது ஜெயித்த போராக மாறியிருக்கலாம். இது ஊகம்தான். நோட்டில் ஊகம் என்றே எழுதுங்கள். ஆனால் தேடுவதற்கு இப்போது ஒரு திசை கிடைத்திருக்கிறது.

இன்னொன்று: "ஐந்து தலைமுறை" என்பதையே நம்பாதீர்கள். பேரனுக்குப் பாட்டா பெயரை வைக்கும் வழக்கத்தால் ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர் வருவார்கள். ஓர்மையில் அவர்கள் ஒட்டிக்கொண்டு ஒரே ஆளாகிவிடுவார்கள். கொல்லம் ஆண்டு (திருவிதாங்கூரின் பழைய ஆண்டுக் கணக்கு) 1040இல் ஒரு பிரமாணம், 1098இல் ஒரு பிரமாணம், இரண்டிலும் ஒரே பெயர் இருந்தால் பெரும்பாலும் அது பாட்டாவும் பேரனும்தான். 58 வருஷம் ஒரே ஆள் எழுதிக் கொடுத்திருக்க முடியாது என்றில்லை, ஆனால் அதை நிரூபிக்க வேண்டியது நீங்கள்.

4. கொல்லம் ஆண்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 தாலுகாவும் 1949 வரை திருவிதாங்கூரோடும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தவை. எனவே பழைய பிரமாணம், ஜாதகம், கல்லறைக் கல் எல்லாவற்றிலும் கொல்லம் ஆண்டு வரும். அது ஆவணி முதல் தேதி பிறக்கும். மாதப் பெயர்கள் ராசிப் பெயர்களாக இருக்கும்: சிங்கம் ஆவணி, கன்னி புரட்டாசி, துலாம் ஐப்பசி, விருச்சிகம் கார்த்திகை, தனு மார்கழி, மகரம் தை, கும்பம் மாசி, மீனம் பங்குனி, மேடம் சித்திரை, இடவம் வைகாசி, மிதுனம் ஆனி, கர்க்கடகம் ஆடி.

சிங்கம் முதல் தனு பாதி வரை 824ஐக் கூட்டுங்கள். ஜனவரி பிறந்த பிறகு, அதாவது தனு பின்பாதி முதல் கர்க்கடகம் வரை, 825ஐக் கூட்டுங்கள். 1092 கன்னி என்றால் 1916. அதே 1092இன் மிதுனம் 1917. மாதத்தைப் பார்க்காமல் கூட்டினால் ஒரு வருஷம் பிசகும். கல்யாணத்துக்கு முன்பே பிள்ளை பிறந்ததாகக் குடும்ப மரத்தில் வந்து நிற்பது பெரும்பாலும் இப்படித்தான்.

ஆச்சி சொன்ன தொண்ணூற்றொன்பது வெள்ளமும் கொல்லம் 1099தான், கர்க்கடக மாதம். 1924 ஜூலை, ஆகஸ்ட். அந்த வெள்ளத்தின் பெரிய அழிவு மூணாறு, பெரியாற்றங்கரை, குட்டநாடு என்று வடக்கே நடந்தது. உங்கள் ஊரில் வீடு முங்கியதா என்பதை அதே ஊரின் மற்ற வீடுகளிலும் கேட்க வேண்டும். யாருக்கும் தெரியாத வெள்ளம் ஒரு வீட்டுப் பட்டயத்தை மட்டும் கொண்டுபோகாது. பொதுவாகவே, ஆதாரம் தொலைந்த விதம் கதையோடு சேர்ந்தே வந்தால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். தீயும் கறையானும் வெள்ளமும் நிஜம். கடற்கரையில் 2004 டிசம்பர் 26 சுனாமியில் எத்தனையோ வீட்டுக் காகிதங்கள் போனதும் நிஜம். அதனால்தான் இது நல்ல சாக்காகவும் ஆகிவிடுகிறது.

5. வீட்டுப் பெட்டி

ஜாதக ஓலை கிடைத்தால் பத்திரம். பிறந்த ஆண்டு, மாதம், நட்சத்திரம் எல்லாம் அதில் இருக்கும். பிறந்த சமயத்தில் எழுதப்பட்டது என்பதால், பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியைவிட நான் இதைத்தான் நம்புவேன். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் குத்துமதிப்பாகப் போட்ட தேதிகள் ஏராளம். கல்யாண அழைப்பிதழில் பெரியப்பா சித்தப்பா பெயர்களின் வரிசை, மொய்ப் புத்தகத்தில் ஊர்ப் பெயர்கள், பழைய பைபிளின் முதல் பக்கத்தில் எழுதிய பிறப்பு விவரம், கரம் (நிலவரி) கட்டிய ரசீது, எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். இரண்டு பக்கமும் எடுங்கள். மூலத்தை வாங்கிக்கொண்டு போகாதீர்கள்.

6. நிலத்தின் பின்னால் போங்கள்

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும், இங்கேதான் அதிகம் கிடைக்கும்.

கைவசம் உள்ள கடைசிப் பிரமாணத்தை எடுங்கள். அதில் "முன் ஆதாரம்" என்று பழைய பத்திரத்தின் எண்ணும் ஆண்டும் சொல்லப்பட்டிருக்கும். அதைப் பிடித்து அடுத்ததற்குப் போங்கள், அதிலிருந்து அதற்கு முந்தியதற்கு. சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்கலாம். இணையத்தில் கிடைக்கும் வில்லங்கச் சான்று பிந்தைய காலத்துக்குத்தான் உதவும். பழையவற்றுக்குக் கையால் தேடல் மனு போட வேண்டும். பதிவு மாவட்ட எல்லைகள் மாறியிருக்கும் என்பதால், அந்தக் காலத்தில் உங்கள் ஊர் எந்த ரிஜிஸ்தர் கச்சேரியில் இருந்தது என்று வயதான ஒரு ஆதாரம் எழுத்தரை (பத்திரம் எழுதுபவரை) கேளுங்கள். 5 நிமிஷத்தில் சொல்லிவிடுவார்.

பழைய பிரமாணத்தில் ஆளை அடையாளம் காட்டுவது இனிஷியல் இல்லை. இன்ன பகுதி, இன்ன தேசம், இன்ன விளை (தோட்ட நிலம்) வீட்டில் இன்னாருடைய மகன் அல்லது மருமகன் என்று வரும். வீட்டுப் பெயர்தான் சாவி. ஊரில் அதே பெயரில் 10 பேர் இருந்தாலும் அதே விளையில் ஒருவர்தான் இருப்பார். இப்போது அந்த வீடு இல்லாவிட்டாலும், விளையின் பெயர் சர்வே எண்ணோடு எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கும்.

பல பிரமாணங்கள் மலையாளத்தில் இருக்கும். நாஞ்சில் நாட்டுப் பக்கம் தமிழிலும் உண்டு. மலையாளம் படிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, பழைய கையெழுத்தையும் படிக்க வேண்டும். ஓய்வுபெற்ற எழுத்தர்களும் விளவங்கோடு பக்கத்துப் பழைய ஆசிரியர்களும் உதவுவார்கள். தொகை சக்கரத்திலும் பணத்திலும் இருக்கும். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். வயலைக் கோட்டை, மரக்கால் விதைப்பாட்டில் சொல்லியிருப்பார்கள்.

இப்போது நம் ஆச்சியின் கதை. திருவிதாங்கூர் அரசு 1883 முதல் 1911 வரை நிலம் முழுவதையும் அளந்து செட்டில்மென்ட் செய்தது. அந்தப் பதிவேட்டில் ஒவ்வொரு நிலமும் எந்த வகை என்று இருக்கும். வட்டாட்சியர் அலுவலகத்திலோ ஆட்சியர் அலுவலக ஆவண அறையிலோ கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டு நடக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். ராஜா பரிசாகக் கொடுத்த நிலம் என்றால் கரம் ஒழிவு, அனுபோகம் போன்ற சலுகை வகையில் இருக்க வாய்ப்பு உண்டு. விருத்தி என்று இருந்தால் அரண்மனைக்கோ கோவிலுக்கோ செய்த ஊழியத்துக்குக் கிடைத்தது. அதுவும் ஒரு கதைதான், வேறு கதை. ஒற்றி என்றால் பணம் கொடுத்துப் பிடித்த நிலம். சாதாரணப் பண்டாரப் பாட்டம் என்றால் சர்க்கார் நிலத்தைப் பாட்டத்துக்குப் பயிரிட்ட குடும்பம். "நூறு கோட்டை" மூன்று கோட்டையாகச் சுருங்குவதையும் இங்கே பார்க்கலாம். மனம் வருந்த வேண்டாம். மூன்று கோட்டை வயலைத் தலைமுறைகளாகக் கைவிடாமல் வைத்திருந்ததும் சின்ன விஷயம் இல்லை.

மருமக்கத்தாயக் குடும்பம் என்றால் அப்பா பெயரைத் தேடிக்கொண்டிருந்தால் வழி தெரியாது. சொத்து தாய்வழியில், தாய்மாமனிடமிருந்து மருமகனுக்குப் போகும். பிரமாணத்தில் காரணவரும் (குடும்பத் தலைவர்) அனந்திரவர்களும் (இளைய உறுப்பினர்கள்)தான் வருவார்கள். கொல்லம் 1100இல் நாயர் சட்டமும் 1101இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டமும் வந்த பிறகு தறவாடுகள் (தாய்வழிக் கூட்டுக் குடும்பங்கள்) வேகமாகப் பிரிந்தன. அந்தக் காலத்துப் பாகப் பிரமாணம் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். பங்குக்கு உரியவர்கள் எல்லாரும், கைக்குழந்தை உட்பட, வயதோடு வரிசையாக இருப்பார்கள்.

சொத்து வழக்கு நடந்திருந்தால் பிராதில் வம்சாவளி இணைத்திருப்பார்கள். அதைப் பார்த்ததும் குதிக்காதீர்கள். அது ஒரு தரப்பு தனக்குச் சாதகமாக வரைந்தது. எதிர்த்தரப்புப் பதிலையும் தீர்ப்பையும் சேர்த்துப் படியுங்கள். இரண்டு தரப்பும் மறுக்காமல் ஒத்துக்கொண்ட பெயர்கள் மட்டும்தான் உறுதி.

7. கோவில், சபை, ஜமாஅத்

கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறது. பெற்றோர் பெயரோடு ஞானப்பெற்றோர் பெயரும் வரும். அவர்கள் பெரும்பாலும் நெருங்கிய சொந்தம் என்பதால் இன்னொரு கிளையும் கிடைக்கும். பக்கத்து ஓரத்தைக் கட்டாயம் பாருங்கள். 1908க்குப் பிறகு, கல்யாணம் எந்தக் கோவிலில் நடந்தது என்பதை ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறிக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். உறவுக்குள் கல்யாணம் என்றால் திருமணப் பதிவேட்டில் விலக்கு வாங்கிய குறிப்பு இருக்கும். இரண்டு பேரும் எந்த வழியில் சொந்தம் என்பது அதிலிருந்தே தெரியும். உங்கள் பங்கு புதியது என்றால் பழைய புத்தகம் தாய்ப் பங்கில் இருக்கும். கோட்டாறு மறைமாவட்டம் 1930இல் கொல்லத்திலிருந்து பிரிந்தது, 2014இல் அதிலிருந்து குழித்துறை பிரிந்தது. இந்த வரிசை தெரிந்தால் யாரைக் கேட்பது என்று குழப்பம் வராது.

"சவேரியார் கையால்" கதையை நேராக நிரூபிக்க முடியாது. அவர் 1544இல் இந்தக் கடற்கரையில் ஞானஸ்நானம் கொடுத்தது வரலாறு. ஆனால் யார் யாருக்கு என்று பெயர்ப் பட்டியல் கிடையாது. பழைய கடற்கரை ஊரில் தலைமுறைகளாக இருக்கும் குடும்பம் என்றால் "இருக்கலாம்" என்று எழுதுங்கள். உள்நாட்டுக் குடும்பம் என்றால் பெரும்பாலும் பின்னாளைய கதை.

லண்டன் மிஷன் வழிக் குடும்பங்களுக்கு 1806தான் தொடக்கப் புள்ளி, மிஷனரி ரிங்கல்தௌபே மைலாடிக்கு வந்த ஆண்டு. அதற்கு முன்பே சீர்திருத்தக் கிறிஸ்தவர்களாக இருந்தோம் என்றால், தரங்கம்பாடி, தஞ்சாவூர் பக்கத் தொடர்பு இருந்ததா என்று பாருங்கள். மைலாடி மகராசன் வேதமாணிக்கம் அப்படித் தஞ்சாவூர் போய் வந்தவர்தான். மிஷனரிகள் எழுதிய கடிதங்களும் ஆண்டறிக்கைகளும் லண்டனில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன, கீழைத்தேய ஆய்வுகளுக்கான சோவாஸ் என்னும் நிறுவனம் அது. அச்சிட்ட அறிக்கைகளில் பல இணையத்திலேயே கிடைக்கும். உபதேசியார்கள், பள்ளி ஆசிரியர்கள் பெயர் அவற்றில் வரும். சாதாரண விசுவாசி பெயர் வருவது அரிது.

முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாஅத்தின் நிக்காஹ் தப்தர் (திருமணப் பதிவேடு). மற்ற ஊர்களில் சமுதாயக் கோவிலின் தலைக்கட்டு வரிப் புத்தகம். யாரும் மதிக்காமல் அலமாரியில் கிடக்கும் இந்த நோட்டில்தான், எந்த வருஷம் யார் வீட்டுத் தலைவர், எப்போது அவர் பெயர் போய் மகன் பெயர் வந்தது என்று இருக்கும். கொடை (கோவில் திருவிழா) நடக்கும்போது போனால் பொறுப்பாளர்கள் எல்லாரும் ஊரில் இருப்பார்கள்.

கொடையில் வில்லுப்பாட்டையும் கேளுங்கள். மாடனாகவும் இசக்கியாகவும் நிற்பவர்களில் அகால மரணம் அடைந்த குடும்பத்து ஆட்கள் உண்டு. பாட்டில் வரும் ஊர், உறவு, செத்த விதம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அதே சம்பவம் மூன்று ஊர்களில் மூன்று பெயர்களுக்குப் பாடப்பட்டால், அது குடும்பச் செய்தி அல்ல, பாட்டின் அச்சு.

8. திருவனந்தபுரத்துக்கு எப்போது போவது

1956க்கு முந்திய அரசுக் கோப்பைத் தேடி எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு ஓடாதீர்கள். திருவிதாங்கூர் அரசின் கோப்புகள் திருவனந்தபுரத்தில் கேரள மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பத்மநாபசுவாமி கோவிலின் மதிலகம் ஓலைகளும் (கோவிலின் பழைய பதிவுகள்) அங்கேதான். ஆனால் பெயர், பகுதி, ஆண்டு மூன்றும் கையில் இல்லாமல் போனால் நாள்தான் வீணாகும். "குளச்சல் போரில் நின்றவர்கள் பட்டியல் இருக்கிறதா?" என்று கேட்டால் சிரிப்பார்கள்.

சர்க்கார் உத்தியோகக் கதைகளைச் சரிபார்ப்பது எளிது. தாசில்தார், மாஜிஸ்திரேட் என்றால் திருவிதாங்கூர் அரசிதழில் நியமனம் வந்திருக்கும். "பிரஜாசபை மெம்பர்" என்றால், 1904இல் தொடங்கிய ஸ்ரீமூலம் பிரஜாசபையின் நடவடிக்கைக் குறிப்புகள் அச்சில் உள்ளன. உலகப் போர்களில் இறந்த சிப்பாய் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடலில் இலவசமாகப் பார்க்கலாம். "காந்தி நம்ம வீட்டிலே தங்கினார்" என்றால், அவர் எந்த நாள் எங்கே இருந்தார் என்ற நாள்வரிசை அவருடைய தொகுப்பு நூல்களில் இருக்கிறது. 1925, 1937 ஆகிய ஆண்டுகளின் கன்னியாகுமரிப் பயணங்களோடு ஒப்பிடுங்கள்.

மரபணுச் சோதனையைப் பற்றிக் கேட்பார்கள். உயிரோடு இருக்கும் தூரத்துப் பங்காளியைக் கண்டுபிடிக்க உதவும். பாட்டா போரில் நின்றாரா என்று எச்சில் சொல்லாது.

9. ஊர் சுற்றும் கதையை அடையாளம் காணுங்கள்

சில கதைகள் ஒரு குடும்பத்துக்குச் சொந்தமானவை அல்ல. ராஜா பெண் கேட்டான், கொடுக்க மனமில்லாமல் பந்தலில் நாயைக் கட்டிவிட்டு ஓடிவந்தோம் என்ற கதையைத் தமிழ்நாட்டில் பல சாதியாரும் தங்கள் இடப்பெயர்ச்சிக்குச் சொல்வார்கள். ஏழு அண்ணன் தம்பிகள் புறப்பட்டு ஆளுக்கொரு ஊரில் தங்கினார்கள் என்பதும் அப்படி. இப்படிப்பட்ட கதை உங்கள் வீட்டில் இருந்தால், பெண்ணையும் நாயையும் ஒதுக்கிவையுங்கள். மிச்சம் நிற்பது இவ்வளவு: எங்கிருந்தோ வந்தார்கள். அதைச் சோதிக்கலாம். குலதெய்வம் ஆரல்வாய்மொழிக்கு அந்தப் பக்கம் திருநெல்வேலிச் சீமையில் இருக்கிறதா? கொடைக்கு இன்னும் அங்கே போகிறார்களா? பெண் கொடுத்து வாங்கிய பழைய ஊர்கள் எந்தப் பக்கம்? மூன்றும் ஒரே திசையைக் காட்டினால் அந்த வரி நிற்கும்.

பட்டயம் கிடைத்துவிட்டது என்று யாராவது காட்டினாலும், போட்டோ எடுத்துக் கல்வெட்டு படிக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். வட்டெழுத்தா தமிழா, தேதி கொல்லம் ஆண்டில் இருக்கிறதா, மன்னர் பெயர் அந்த ஆண்டோடு ஒத்துப்போகிறதா? மார்த்தாண்டவர்மா ஆண்டது 1729 முதல் 1758 வரை, கொல்லம் கணக்கில் 904 முதல் 933 வரை. இதற்கு வெளியே தேதி இருந்து பெயர் மட்டும் அவருடையதாக இருந்தால், பின்னால் வெட்டியது.

10. முடிவை எழுதும் விதம்

ஒவ்வொரு கூற்றுக்கும் எதிரே இந்தச் சொற்களில் ஒன்றை எழுதுங்கள்: உறுதி, பெரும்பாலும், இருக்கலாம், இல்லை, ஆதாரம் கிடைக்கவில்லை. கடைசி இரண்டும் ஒன்றல்ல. தலைமுறை ஐந்துதான் என்று ஆவணமும் சொன்னால் குளச்சல் போர் "இல்லை", ஏனென்றால் வயது இடிக்கிறது. செப்புப் பட்டயம் "ஆதாரம் கிடைக்கவில்லை".

இரண்டு ஆவணம் முரண்பட்டால் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். சம்பவம் நடந்த சமயத்தில் எழுதியது எது, எழுதியவருக்கு விஷயம் நேரடியாகத் தெரியுமா, பொய் சொல்ல அவருக்குக் காரணம் உண்டா என்று பாருங்கள். இறந்தவரின் பேரன் சொல்லிக் கல்லறைக் கல்லில் வெட்டிய "வயது 98", ஞானஸ்நானப் பதிவின் முன்னால் நிற்காது.

வழியில் வேறு சிலதும் வெளியே வரும். கல்யாணத்துக்கு முன் பிறந்த பிள்ளை, தற்கொலை, மறைக்கப்பட்ட முதல் மனைவி. இன்றைக்கு ஒரு சாதிப் பெயரோடு பெருமையாக நிற்கும் குடும்பத்தின் பழைய காகிதத்தில் அடிமை ஒற்றி என்ற சொல் தென்படலாம். திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழித்த பிரகடனம் 1855இல்தான் வந்தது. அடிமையை வைத்திருந்த வீடாகவும் இருக்கலாம், அடிமையாக எழுதப்பட்ட வீடாகவும் இருக்கலாம். இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். உயிரோடு இருப்பவர்களைத் தொடும் விஷயம் என்றால், அவர்கள் சம்மதம் இல்லாமல் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதியையும் சர்வே எண்களையும் இணையத்துக் குடும்ப மரத்தில் ஏற்ற வேண்டாம்.

ஆச்சிக்கு முடிவைப் படித்துக் காட்டுங்கள். "அப்போ குளச்சல் இல்லியா?" என்று முகம் சுளிப்பார். அப்புறம் 1809ஐப் பற்றிக் கேட்பார். அவருக்குச் சட்டென்று வேறு ஒரு பெயரோ விளையோ ஓர்மை வரலாம், அதனால் பதிவுக் கருவியை அணைக்காமல் வையுங்கள். கடைசியாக மூன்று நகல் எடுங்கள். ஒன்று உங்களிடம், ஒன்று பேச்சுவார்த்தை இல்லாத அந்தச் சித்தப்பா வீட்டில், ஒன்று கடலுக்கும் ஆற்றுக்கும் தூரமாக ஒரு மேட்டு வீட்டில்.